எட்டாம் பகுதி முடியும்வரை

தொலைக்காட்சித் தொடரை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போவது எனக்கும் உன் அம்மைக்கும் வழக்கமில்லை, ரதீஷ். தொடங்கியதை முடிக்க வேண்டும்; ஓடும்போது பேசக் கூடாது; ஐயம் இருந்தால் பகுதி முடிந்தபின் கேட்க வேண்டும். இந்த மூன்று விதிகளையும் வகுத்தவள் நான். பகவதி ஆறு ஆண்டுகள் அவற்றுக்குக் கட்டுப்பட்டாள். ஒரே ஒரு முறைதான் மீறினாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். எதையும் அதனதன் இடத்தில் வைத்துச் சொல்வதே முறை.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து ஷார்ஜாவுக்குப் புறப்படும்போது, பெட்டியைக் கையில் பிடித்தபடியே நீ என்னிடம் கேட்டாய்: "மாமி, நான் பத்து மணிக்கு போன்ல விளிச்சப்போ அம்மைக்கு உயிரு இருந்துதா?" வாசலில் கார் நின்றது. எழுதுகிறேன் என்றேன். நேற்றோடு நாற்பத்தொரு நாளும் கழிந்துவிட்டன. ஆகவே எழுதுகிறேன்.

உன் மாமா போனபின் இந்தக் கோட்டாற்று வீட்டில் அவருடைய தங்கையான உன் அம்மையும் நானுமாக இருந்தோம். எங்களுக்கு இடையில் பேசுவதற்கு இருந்தது 'கரையேறாதவன்' தொடர் ஒன்றுதான். அதில், கடலுக்குப் போன ஆன்ஸ்லின் திரும்பவில்லை. அவனுடைய தாய் மூன்று பருவங்களாகக் கரையில் காத்திருந்தாள். பருவம் என்று நான் சொல்வேன். உன் அம்மை சீசன் என்பாள்.

"அவன் வருவான், பாருங்க மைனி. பெத்தவ மனசு பொய் சொல்லாது."

"கடல் கொண்டது கொண்டதுதான் பகவதி."

"ஒங்க வாயில ஒரு நல்ல வார்த்த வராதா? நாக்குல வேப்பெண்ணெயா தடவியிருக்கிய?"

எவள் சொன்னது பொய்க்கிறதோ அவள் ஒரு மாதம் தேங்காய் திருவ வேண்டும் என்று பேசிக்கொண்டோம். சென்ற ஆண்டு அவளுக்கு நெஞ்சு நோய் கண்டபோதும், "அவன் வந்தானா இல்லியான்னு அறியாம நான் போமாட்டேன்" என்று மருத்துவரிடமே சொன்னாள். இதை நீ நினைவில் வைக்க வேண்டும். நான் செய்தது அவளுடைய விருப்பத்தை ஒட்டியே.

மூன்றாம் பருவத்தில் இரண்டு பகுதிகள் எஞ்சியிருந்தபோதுதான் உன் மாமா இறந்தார். துக்க வீட்டில் தொலைக்காட்சி ஓடக் கூடாது. அவருடைய வேட்டி ஒன்றை அதன்மேல் போர்த்தினேன். நாற்பத்தொன்று கழியும்வரை அகற்றவில்லை. பதினாறாம் நாள் பந்தியில், பக்கத்து வீட்டு ஜினி பப்படத்தை நொறுக்கிக்கொண்டே, "கரையில ஒதுங்குனது அவன் சட்டையாக்கும் டீச்சரே, ஆளு இல்ல" என்று முடிவைப் போட்டு உடைத்தாள். வேட்டியை எடுத்த நாளில் நாங்கள் பார்த்தது, முன்பே தெரிந்துபோன ஒன்றை. உன் மாமாவுக்கு வயது எழுபத்தாறு. அவருடைய மரணத்தில் ஒரு முறை இருந்தது. ஜினி செய்ததில் எந்த முறையும் இல்லை. அதை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு மூன்று ஆண்டுகள் காத்திருந்தோம். இறுதிப் பருவத்தின் எட்டுப் பகுதிகளும் ஒரே வெள்ளிக்கிழமையில் வெளிவந்தன. இட்டிலி அவித்து மூடி வைத்தேன். காலை எட்டு மணிக்குத் தொடங்குவதாக ஏற்பாடு.

ஏழரைக்குக் குளித்துவிட்டு வந்த பகவதி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. இடது கை கனக்கிறது என்றாள். "வாயுவாக்கும் மைனி" என்று அவளே சொன்னாள். சுக்கு நீர் கொடுத்தேன். வாயு அல்ல என்பது எனக்குத் தெரியும். உன் மாமாவும் அதே கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, அதே சொல்லைத்தான் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிட வழி. அழைத்துப் போயிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பிழைத்தால் பல நாட்கள் அங்கே கிடக்க வேண்டும். இறந்தால் நாற்பத்தொரு நாட்கள் வேட்டி போர்த்த வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஜினி முந்திக்கொள்வாள். நான் அமைதியாகவே சிந்தித்தேன். பகவதியைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, அவளுடைய கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, எட்டு மணிக்குத் தொடங்கினேன்.

முதல் மூன்று பகுதிகளையும் அவள் என்னுடன் இருந்து கண்ணாரப் பார்த்தாள். அந்த அளவில் எனக்கு நிறைவுதான்.

நான்காம் பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் அவளுடைய தலை சாய்ந்தது. கையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. மின்விசிறியைக் குறைத்தேன். உடல் சரியாதிருக்க, அவள் தோளில் கிடந்த நேரியதை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து நாற்காலியின் முதுகில் முடிந்தேன். நம் வழக்கத்தை நான் மீறினேன் என்று நீ எண்ணக் கூடாது. மூச்சு நின்றதாலேயே ஒரு வீடு துக்க வீடு ஆகிவிடுவதில்லை. ஊருக்குச் சொன்ன பிறகுதான் ஆகிறது. நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

நண்பகலில் ஜினி முருங்கைக்கீரையுடன் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து நாற்காலியின் பின்புறம்தான் தெரியும்.

"டீச்சரே, காலம்பறயிருந்தே ஓடுகா? கண்ணு பொட்டிப்போவும் கேட்டியளா."

"ஓடும்போது பேசப்படாது, ஜினி."

"பகவதிக்காவப் பாருங்க, அனங்காம இருக்காவ. பரீட்ச எழுதுத பிள்ள கணக்கா! கத முடிஞ்சா எங்கிட்ட சொல்லிராதீங்க, நான் ராத்திரிதான் பாப்பேன்."

கீரையை நடையில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு முன்பாக நாங்கள் பார்க்கிறோம் என்பதை அப்போது உறுதி செய்துகொண்டேன்.

ஆறாம் பகுதியின் முடிவில் திரை தானாக நின்று, 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று கேட்டது. யாரிடம் கேட்கிறது என்று விளங்கவில்லை. பிறகு இருவருக்கும் சேர்த்து ஆம் என்று அழுத்தினேன்.

ஆன்ஸ்லின் வந்தான். எட்டாம் பகுதியின் இறுதியில், தாடியும் மீசையுமாக, மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்து தாயின் முன் நின்றான். பகவதி சொன்னதே மெய்யாயிற்று. "நீதான் ஜெயிச்ச" என்று அவளிடம் சொன்னேன். அப்போது பிரம்பு நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. உடல் விறைக்கும்போது அப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் தினமும் காலை பத்து மணிக்கு அது கிறீச்சிடுகிறது. இப்போது அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தேங்காய் நான்தான் திருவுகிறேன். மாதம் கடந்தும் நிறுத்தவில்லை.

பின்னர் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் செய்தேன். முடிச்சை அவிழ்த்தேன். அவளைப் பாயில் இழுத்து, தெற்கே தலைவைத்துக் கிடத்தினேன். மடங்கியிருந்த கால்களை நீட்டச் சற்று நேரமாயிற்று. தலைமாட்டில் விளக்கேற்றினேன். தொலைக்காட்சியை அணைத்து, உன் மாமாவின் வேட்டியை எடுத்துப் போர்த்தினேன். அதன்பின் வாசலுக்குப் போய் ஜினியைக் கூப்பிட்டேன். அப்போது மணி மூன்று. நெஞ்சு நோய் என்று எல்லோருக்கும் தெரியுமாதலால் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீ மட்டுமே கேட்டாய்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

நீ அழைத்தபோது மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. போன் என் பக்கத்து மேசைமேல் இருந்தது. உன் படம் அதில் ஒளிர்ந்தது. பகவதி கழுத்தைத் திருப்பி, தெளிவான குரலில் சொன்னாள்: "மைனி, ரதீஷு விளிக்கான். போன இஞ்ச தாருங்க." ஓடும்போது அவள் பேசியது அதுதான் முதல் முறை.

நான் போனை எடுத்தேன். "அம்மை ராத்திரி உறங்கேல மக்கா, இப்பதான் கண்ணசந்தா" என்றேன். "சரி மாமி, எழும்பினா விளிக்கச் சொல்லுங்க" என்றாய். சொல்கிறேன் என்றேன். உன் அம்மை இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கையை நீட்டினாள். அதைப் பிடித்து அவள் மடியிலேயே திரும்ப வைத்து, "இந்தப் பகுதி முடியட்டும்" என்றேன்.

அதன்பின் அவள் பேசவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டாள் என்று எண்ணினேன். கண்ணாரப் பார்த்தாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திருத்த வேண்டும். நீ பேசி வைத்த பிறகு அவள் ஒருமுறைகூடத் திரையைப் பார்க்கவில்லை, ரதீஷ். என் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.