டச்சு ஆசான் கனகசபாபதியின் கடைசி வகுப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ஆமத்தூரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே! எங்கள் மாணவச் செல்வங்களே! வணக்கம். நாம் அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் ஆசான் டச்சு நடத்திய அதே பயிற்சி மையத்தில் ஆங்கிலம் நடத்தும் நவநீதகிருஷ்ணன் பேசுகிறேன்.

விருதுநகரில், பருப்புக் கிட்டங்கி மாடியில் டச்சு மொழியா என்று ஊரே சிரித்ததே! ஆசான் கனகசபாபதி அசைந்தாரா? "நர்சு படிச்ச பிள்ளைக நெதர்லாந்துக்கு வேலைக்குப் போகுதுக. சிரிக்கிறவுக சிரிக்கட்டும் சார்" என்றார். அவ்வளவுதான்.

ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் டச்சையும் ஆங்கிலம் போலவே அடுக்குவார்கள். 'இன்று நான் போகிறேன்' என்ற வரிசையில் சொன்னால் துள்ளி எழுவார். "இன்னைக்குன்னு ஆரம்பிச்சா அடுத்த நாற்காலி வினைச்சொல்லுக்குலே! 'நான்' தள்ளி உக்காரட்டும்!" 'என்று', 'ஏனென்றால்' என்று ஒட்டிவரும் வாக்கியமா? அங்கே வினை கடைசிக்குப் போகும். அதற்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார். வினைக்கு முன்னால் நிறுத்தி, முகவாயைத் தூக்கிச் சிரித்தபடி பார்ப்பார். அவர் கையை உயர்த்தும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது; உயர்த்திய பிறகுதான் வகுப்பு வினையைச் சொல்ல வேண்டும். "அவசரப்பட்டா இங்கிலீசு வந்து நாக்குல உக்காந்துக்கிடும்" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஊர் வேறு மாதிரிச் சொல்லும்.

'இன்று மாலை அவர் வீட்டுக்கு வருவார் என்று எனக்குத் தெரியும்.' இதுதான் வாக்கியம். டச்சில் 'எனக்குத் தெரியும்' முதலில் வந்துவிடும், 'வருவார்' கடைசியில் வரும். 'வீட்டுக்கு' வரை சொல்லி நிறுத்தினார். முகவாய் தூக்கியபடி. சிரித்தபடி. வகுப்பும் அவரைப் பார்த்துச் சிரித்தது. ஜன்னல் வெயில் மேசையைத் தாண்டி அவர் மடிக்கு வந்தது. கை உயரவில்லை. பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தார்கள். ஒரு ஈ வந்து அவர் கண்ணில் உட்கார்ந்தது. இமை அசையவில்லை ஐயா!

ஈ வருவதற்கு முன்பே 'வருவார்' என்ற அந்தக் கடைசிச் சொல் தங்கள் காதில் விழுந்தது என்று சில பிள்ளைகள் இன்றும் சத்தியம் செய்கிறார்கள். சொன்னது யார்? எனக்குத் தெரியவில்லை.

முன்வரிசையில் இருந்தவள் ஓவியா, பட்டாசுத் தொழிலாளி பாண்டிராஜின் மகள். வருகிற வெள்ளிக்கிழமை நெதர்லாந்து வேலைக்கு அவளுக்கு நேர்காணல். போக மாட்டேன் என்கிறாள். "நர்சா இருந்துக்கிட்டு, மூச்சைப் பாக்காம வினைச்சொல்லுக்குக் காத்துக்கிட்டு இருந்தேனே சார்! நான் எங்கன போயி யார் உசிரைக் காப்பாத்தப் போறேன்?" என்று அழுதாள். என்னால் தாங்க முடியவில்லை.

ஓவியா, கேளம்மா! நிறுத்திய அந்த நொடியிலேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். நீ ஓடி வந்திருந்தாலும் அவர் இருந்திருக்க மாட்டார். காத்திருந்தது பிழையா? அது அவர் சொல்லித் தந்த பழக்கம் அல்லவா!

திங்கட்கிழமை முதல் டச்சு வகுப்பு நடக்கும். பின் பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் கற்றவன் நான். அவர் நாற்காலியில் உட்காரப் போகிறேன். அவர் தந்த பயிற்சி எதையும் விட மாட்டேன், இது உறுதி! கை உயரும்வரை காத்திருக்கும் அந்தச் சட்டம் மட்டும் இனி வேண்டாம். நான் பாதியில் நிறுத்தினால், ஓவியா, எழுந்து வந்து முதலில் என் நாடியைப் பிடித்துப் பார். அப்புறம் வினைச்சொல்லைச் சொல்.