கொதி அடங்கிய தண்ணீர்

— கடை கூட்டுறதுன்னா நாளைக்கே வா, உண்ணாமலை. தேயிலை பாத்து வாங்குற வேலைக்கு ஆம்பளையத்தான் தேடுறேன்.

— கண்டிச் சீமையில, பச்சைத் தேயிலை பக்குவம் பண்ற ஸ்டோருல, பதினாறு வருசம் எலை பிரிச்சவ நான், மொதலாளி. பிரஜாவுரிமை இல்லைன்னு அனுப்பிட்டாங்க. கூட்டுறதுக்கா கப்பலேறி வந்தேன்?

— பேச்சு பலமா இருக்கு. ராயவரத்துச் செட்டியாரு மலேயாவுல பச்சைத் தேயிலை குடிச்சுப் பழகுனவரு. போன மாசம் நான் அனுப்புனத, மாட்டுக்குப் போடுங்கன்னு திருப்பி விட்டுட்டாரு. இன்னைக்கு ரெண்டு மணி பஸ்ஸுல வேற அனுப்பணும். இதுவும் திரும்புனா, ஆத்மநாதன் கடைன்னு ஒண்ணு இருக்குறதையே மறந்துருவாரு.

— இந்த மூணு பொட்டலத்துல ஒண்ண நான் எடுத்துத் தாரேன். நல்லாருந்தா தேயிலை வேலை எனக்கு. இல்லைன்னா வெளக்கமாத்தக் குடுங்க, வாயத் தொறக்காம கூட்டுறேன்.

— அப்புறமென்ன, எடு பாப்போம்.

— இது வேணாம். பாதி காம்பு, பாதி தூசி. கையில அள்ளுனா கனமே இல்ல. இந்த நீட்டு எலை பாக்க லட்சணமாத்தான் இருக்கு, ஆனா பழுப்பேறிருச்சு. மோந்து பாருங்க, வைக்கோல் வாடை. போன மாசம் போனது இதுதானே?

— அது... ஆமா.

— இந்தா, இதுதான் எலை. மொளகு கணக்கா உருண்டு, உடையாம, பச்சை மாறாம இருக்கு. இத அனுப்புங்க.

— மாட்டிக்கிட்டியா. அது வேப்பங்கொழுந்தாட்டம் கசக்கும். நானே குடிச்சுப் பாத்துத்தான் ஒதுக்கி வச்சேன்.

— யாரு போட்டுத் தந்தது?

— வேற யாரு, என் வீட்டுக்காரிதான். அமிர்தம், செத்த இங்கிட்டு வா.

— வந்துட்டேன். என் கையப் பத்தி என்ன பஞ்சாயத்து?

— அம்மா, தண்ணி எப்படி இருக்கையில எலையப் போட்டீங்க?

— தளதளன்னு கொதிக்கையிலதான். மேல ரெண்டு கொதியும் விட்டேன். டீன்னா அப்படித்தானே?

— கறுப்புத் தேயிலைக்குச் சரிங்கம்மா. பச்சை எலை வெந்து கசந்துரும். தண்ணிய எறக்கி வச்சு, கொதி அடங்குனதும் ஊத்துங்க. நூறு எண்ணி வடிச்சிருங்க. எங்க வீட்டுக்காரரு, இருந்த வரைக்கும், ஸ்டோர மேய்க்கிற டீமேக்கருக்கு அப்படித்தான் போட்டுக் குடுப்பாரு.

— நூறா? இவருக்கு இருபதுக்கு மேல பொறுமை கெடையாது. இருங்க, போட்டாரேன்.

— சீக்கிரம் வா, பஸ்ஸு நிக்காது.

— இந்தாங்க, நூறும் எண்ணியாச்சு. என்ன, டம்ளர வச்சுக்கிட்டு முழிக்கிறீங்க?

— கசப்பே இல்ல, அமிர்தம். முழுங்குன பொறகு தொண்டையில இனிப்பு நிக்குது. உண்ணாமலை, இதையே கட்டு. ஆம்பளைக்குச் சொன்ன சம்பளந்தான் ஒனக்கும்.

— சரிங்க மொதலாளி. இன்னொண்ணும் வேணும். புதுத் தேயிலைப் பெட்டி பிரிக்கிற அன்னைக்கெல்லாம் மொத டம்ளரு எனக்கு.

— அது இல்லாம முடியுமா? நீ ருசி பாத்தாத்தானே எனக்குத் தைரியம்.

— ருசி பாக்க இல்லைங்க. ஸ்டோருல எங்களுக்குத் தந்தது கூட்டி அள்ளுன தூசி. பதினாறு வருசம் இந்த எலையப் பிரிச்சேன், ஒரு மொடக்கு குடிச்சதில்ல.