அன்ஸாருக்குப் பொன்னாடை

வரமாட்டான் தங்கச்சி, வரமாட்டான்! நீங்கள் அந்தச் சட்டியைக் கீழ வையுங்கோ. ஒம்பதே முக்காலாகுது. வாறதெண்டால் இவ்வளவுக்குச் சந்தியில அவன்ர ஹோன் கேட்டிருக்கும். இண்டைக்கு மீனும் இல்லை, அன்ஸாரும் இல்லை. ஏனெண்டு கேளுங்கோவன்... பொன்னாடையாம்! ரவுணில மேடை போட்டு, கதிரை அடுக்கி, மீன்காரனுக்குப் பொன்னாடை போத்துகினமாம். நல்லா இருக்கோ கதை?

நீங்கள் திரியாயில இருந்து வந்து மூண்டு நாள்தானே, உங்களுக்கு ஆளைத் தெரியாது. இந்தப் புஸ்பராணியக்கா சும்மா கத்துறா எண்டு நினைப்பீங்கள். அவன் கிண்ணியாப் பொடியன். பொடியன் எண்டால்... நாப்பது வயசு இருக்கும். மோட்டார் சைக்கிள்ல பெட்டி கட்டிக்கொண்டு வருவான். ஏழு மணிக்குச் சந்தியில ஹோன் கேக்கும். எங்கட படலைக்கு வரேக்க எட்டரை! சந்தியில இருந்து இஞ்ச எத்தினை வீடு? எட்டே எட்டு வீடு. நண்டு ஊந்து வந்தாலும் அரை மணித்தியாலத்தில வந்திடும்.

என்ன செய்யிறான் எண்டால்... மூலை வீட்டு ரீச்சருக்குக் காஸ் சிலிண்டர் மாத்திக் குடுப்பான். பிறகு பல்கீஸ் ராத்தா வீடு. அவவின்ர கிளினிக் கொப்பியை வாசிச்சு, எந்தக் குளிசை காலமை, எந்தக் குளிசை பின்னேரம் எண்டு தனித்தனிப் போத்தல்ல போட்டுக் குடுப்பான். போன கிழமை அங்கால வீட்டுப் பூனை கூரையில ஏறிப்போட்டு இறங்கேலாமல் நிண்டது. இந்த அறுவான் பெட்டிக்குள்ள இருந்து ஒரு சூடை மீனை எடுத்துக் காட்டி இறக்கினவன்! எனக்கு விக்க வேண்டிய சூடை!

கேட்டுதோ? ...ஓமப்பா, ஓம்! இஞ்சதான் நிக்கிறன்! இன்னும் வரேல்லை!

என்ர மனுசன். "வந்திட்டானோ" எண்டு கேக்கிறார். விடியத்தொடக்கம் இதோட இருவது தரம்.

சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு. முப்பது வருசம் கடலுக்குப் போனவர். கதிரவேல் எண்டால் இந்தக் கரையில தெரியாத ஆள் இல்லை. ரெண்டு வருசத்துக்கு முதல் வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. வள்ளத்தையும் வித்தாச்சு. கடல் வீட்டுக்குப் பின்னால கிடக்குது, நாங்கள் கிண்ணியாவால வாற மீனுக்குப் படலையில காத்துக்கொண்டு நிக்கிறம். ஆள் மெலியவும் இல்லைப் பாருங்கோ! ஒருக்கால் நான் தனியத் தூக்கிக் கதிரையில இருத்தப் போய், ரெண்டுபேரும் நிலத்தில. நான் கீழ, அவர் மேல. அவருக்குச் சிரிப்பு வேற! அந்த நேரம் பாத்து ஹோன் சத்தம். நான் குளறின குளறல்ல அன்ஸார் பெட்டியையும் மூடாமல் ஓடி வந்தவன். வந்தவன் வாசல்ல நிண்டு கேக்கிறான்: "அக்கா, கையெல்லாம் மீன் நாத்தம். கழுவிப்போட்டுத் தொடவோ?" விழுந்து கிடக்கிற மனுசனைப் பாத்து! எனக்கு வந்த கோவத்துக்கு...

அண்டையில இருந்து ஒரு நாளும் தவற விட்டதில்லை. தூக்கிக்கொண்டு போய், பின் விறாந்தையில, கடல் தெரியிற மாதிரி இருத்துவான். பிறகு மீனின்ர செவுளைத் தூக்கிக் காட்ட வேணும். இவர், "இது நேத்தையான் மீன்" எண்டுவார். அவன், "இல்லையண்ணை, விடியக்காலமை வலையில பட்டது" எண்டுவான். கால் மணித்தியாலம் சண்டை! அந்தச் சண்டையாலதான் என்ர மனுசன் சாப்பிடுறார், தங்கச்சி. சண்டை இல்லாத நாளில அவருக்குச் சோறு இறங்காது.

அப்ப பிறகென்ன, பேசாமல் இருக்கிறதுதானே எண்டு கேப்பீங்கள். எட்டரை, தங்கச்சி, எட்டரை! அஞ்சரைக்குக் கண் முழிக்கிற மனுசன் எட்டரை மட்டும் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதோ? "முதல் எங்கட வீட்டுக்கு வா, பிறகு ஊரைப் பார்" எண்டு எத்தினை தரம் சொன்னனான். "ஓமக்கா, ஓமக்கா" எண்டுவான். அடுத்த நாளும் சிலிண்டர், குளிசை, பூனை.

பிறகு பாருங்கோ, பேஸ்புக்கில ஒரு சங்கம் கேட்டிருந்தது. உங்கட ஊரில சேவை செய்யிற சாதாரண மனிசர் ஆர், எழுதி அனுப்புங்கோ எண்டு. ஆரோ ஒராள் இவனைப் பற்றி எழுதி அனுப்பிப்போட்டுது. படத்தோட! "தினமும் காலை சரியாக ஆறு மணிக்கு, வேறெந்த வீட்டுக்கும் போகுமுன், கதிரவேல் ஐயாவின் வீட்டுக்கே முதலில் வருவார்." பச்சைப் பொய்! ஆறு மணிக்கு அவன் கிண்ணியாப் பாலமே தாண்டியிருக்கமாட்டான். ஆனா... அப்பிடி எழுதி, ஊர் முழுக்க வாசிச்சால், அவனுக்கும் ஒரு வெக்கம் வருமெல்லோ? ஆறு மணிக்கு வந்துதானே தீர வேணும்? அப்பிடி நினைச்சுத்தான்...

என்ன, அப்பிடிப் பாக்கிறீங்கள்?

சரி, ஓம். நான்தான். கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ரெண்டு நாள் குந்தியிருந்து எழுதினனான்.

அந்தச் சங்கம் பொன்னாடை வரைக்கும் போகுமெண்டு ஆர் கண்டது? இப்ப நிலாவெளியால கூப்பிடுறாங்கள், குச்சவெளியால கூப்பிடுறாங்கள். பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குப் பேச வாவாம்! இந்த நேரம் அங்க மைக்கில நான் எழுதினதைத்தான் வாசிச்சுக்கொண்டிருப்பாங்கள். ஒவ்வொரு நாளும் கதிரவேல் ஐயாவைத் தூக்கி இருத்தும் அன்ஸார் எண்டு. சனம் கை தட்டும். இஞ்ச ஐயா படுத்த படுக்கை!

அவனில பிழை சொல்லேலாது. நேத்துப் பின்னேரம் போன் எடுத்தவன். "அக்கா, எனக்கு மேடை ஒண்டும் சரிவராது, நான் போகேல்லை, காலமை வாறன்" எண்டான். "வாடா ராசா" எண்டு சொல்லியிருக்க வேணுமெல்லோ? நான் என்ன சொன்னனான் தெரியுமோ? "நீ போ, போ! ஒரு நாள் நாங்கள் சமாளிப்பம். நாங்கள் என்ன, ஆக்கள் இல்லாத ஆக்களோ?" எண்டனான். வாய்! இந்த வாயை வைச்சுக்கொண்டு... ஆர் இருக்கினம், சொல்லுங்கோ? மகள் லண்டனில. போனுக்குள்ளால கையை நீட்டித் தூக்குவாளோ?

இப்ப அவர் கூப்பிடுறதை நிப்பாட்டிப்போட்டார், கவனிச்சீங்களோ? கூப்பிடேக்க எனக்குக் கோவம் வரும். நிப்பாட்டினால்... அதுதான் தங்கச்சி, என்னால தாங்கேலாமல் கிடக்கு.

...எங்க போறீங்கள்? உங்கட படலை அந்தப் பக்கம்! ஐயோ, இது எங்கட... இல்லை, உங்களால ஏலாது, அவர் பாரம்... சொன்னாக் கேளுங்கோ... சரி, சரி, நில்லுங்கோ, நானும் வாறன்!

இடக்கையில பிடிச்சு இழுக்கப்படாது, அது நோகும். கக்கத்துக்குக் கீழ கை குடுங்கோ... அப்பிடித்தான் அவன் பிடிக்கிறவன். நீங்கள் அங்கால, நான் இஞ்சால. இஞ்சேருங்கோ, கத்தாதையுங்கோ! இது பக்கத்து வீட்டுத் தங்கச்சி, லக்சாயினி... ஓம், மீன் இல்லை, ஆள் மட்டும்தான்... ஒண்டு... ரெண்டு... ஆ! இருந்திட்டார்! சிரிப்பைப் பாருங்கோவன், சிரிப்பை!

மூச்சு வாங்குது... தங்கச்சி, நாளைக்கு அன்ஸார் வந்திடுவான். வாற நேரம்தான் உங்களுக்கு இப்ப தெரியுமே. அதால நீங்கள்... ஒரு ஆறு மணிபோல... சும்மா எட்டிப் பாத்தீங்களெண்டால்...

பயப்பிடாதையுங்கோ. உங்களைப் பற்றி ஒருத்தருக்கும் எழுதமாட்டன்.