விமானம் இறங்கும் முன்னே வந்த போன்

என்னைப் பப்பாளி என்று கேட்டால்தான் தெருவில் வீடு காட்டுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. சந்தைக்குப் பின்னால், ஐஸ் கம்பெனியை ஒட்டிய வீட்டில் தங்கையோடு குடியிருந்து, தள்ளுவண்டியில் பழ வியாபாரம் செய்து வருகிறேன். மூன்றாம் வகுப்பு படித்திருக்கிறேன். மாடியிலிருந்து விழுந்து கால் முறிந்தவர் என் மீது கொடுத்த புகார் தொடர்பாக நான் சொல்வதாவது:

புகார் கொடுத்தவர் என் தங்கை கணவர். வெளிநாட்டில் வேலை என்று போன மாதம் பகல் பன்னிரண்டு மணி விமானத்துக்குப் புறப்பட்டார். வழியனுப்ப யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று மாலை ஆறு மணிக்குத் தங்கைக்குப் போன் செய்து, "இப்பதான் இறங்கினேன். டிக்கெட்ல போட்ட மாதிரி கரெக்டா ஆறு மணி" என்றார். அதன் பிறகு தங்கை, அவர் தூங்கும் நேரம் தெரிய வேண்டும் என்று பழைய கடிகாரத்தைத் துடைத்து மாட்டி, அதில் அந்த ஊர் மணி வைக்க, விசாரித்து வரும்படி என்னை அனுப்பினாள்.

அதன் பிறகு அன்று இரவு ஏழு மணிக்கே நான் டிக்கெட் கடைக்காரரிடம் கேட்டதில், அந்த ஊர் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் என்றும், விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போவதால் ஏறி இறங்குவதையும் சேர்த்துப் பத்தரை மணி நேரம் ஆகும் என்றும், டிக்கெட்டில் உள்ள ஆறு மணி அந்த ஊர் ஆறு மணி, நமக்கு அப்போது இரவு பத்தரை என்றும் விளக்கினார். "உங்க மாப்ள இன்னும் வானத்துலதானே இருக்காரு? கதவத் தொறந்து குதிச்சிட்டாரா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் கடிகாரத்துக்கு பாட்டரி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு அவரை ஏற்றிச் சென்ற டாக்சிக்காரரைப் பிடித்து விசாரித்தபோது, நாலு தெரு தள்ளி தையல்காரி வீட்டு மாடியில் பெட்டியை இறக்கியதாகச் சொன்னார். மறுநாள் முதல் அந்த வீட்டுப் படிக்கட்டுக்கு எதிரே வண்டியைப் போட்டேன். நான் கிளம்பியதும் என் தோஸ்து டீக்கடைக்காரர் பெஞ்சைப் போட்டு உட்காருவார். நான் கதவைத் தட்டவில்லை, சண்டை போடவில்லை. தினமும் போன் செய்து, "என்ன மாப்ளே, ரூம்லயே அடைஞ்சு கெடக்கீங்களா? வெளிய போயி நாலு எடம் பாக்கறது!" என்பேன். "செம குளிரு மச்சான்" என்பது ஒரு காதில் போனிலும், மறு காதில் மாடியிலிருந்தும் கேட்கும். என் தங்கையை ஏமாற்றியவர் வெயிலைப் பார்க்கக் கூடாது என்பதே என் எண்ணம். அதை நான் மறைக்கவில்லை.

சம்பவத்தன்று, "தங்கச்சி தையல் கத்துக்கணுங்கறா மாப்ளே. இங்க ஒரு மாடி இருக்கு, இப்பவே கூட்டிட்டு ஏறுறேன்" என்றேன். வீட்டின் பின்பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டது. நான் தள்ளியதாகச் சொல்வது பொய். நான் முன்பக்கம் ஆப்பிள் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து, தம்மைப் பார்த்துக்கொள்ள மனைவி வர வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அப்போதுதான் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். "உங்க வீட்டுக்காரர்தானே? இதுல கையெழுத்துப் போடுங்க" என்று நர்ஸ் கேட்டதற்கு, கட்டிலில் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்து, "எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்காருங்க. இவரு யாருன்னு தெரியலயே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நான் சொன்னதைத் திரும்பப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது. கால் கூடி அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வாசலில் வண்டி போட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் சம்மதமில்லை.

(கையொப்பம்) பப்பாளி