தினமும் ஒரு மாத்திரை

எனக்கு டாக்டர்களின் கையெழுத்து பிடிக்கும். மற்றவர்கள் அதைக் கோழிக் கிறுக்கல் என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக மருத்துவமனையின் மருந்து கவுண்ட்டரில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவனுக்கு அது அச்சுப் புத்தகம் மாதிரி. யார் அவசரத்தில் எழுதினார், யார் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தார் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

இந்த விசாரணைக் குழு முன்னால் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். புது டாக்டரம்மா எழுதிய சீட்டைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பிவிடுவதாக இருந்தது. ஆனால் உங்களில் ஒருவர், "மருந்து கொடுக்கிற இடத்துல யாரும் சரிபார்க்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். அது என்னைச் சுருக்கென்று தைத்தது. என் வேலையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரம்மா மூட்டுவலிப் பிரிவுக்கு ஒதுக்கீட்டில் வந்தவர். அவருடைய ஆட்களில் யாரும் அதற்கு முன்னால் அந்தப் பிரிவில் டாக்டராக இருந்ததில்லை. நிர்வாகம் அவர் படத்தைப் பெரிதாக அச்சடித்து கேன்டீன் சுவரில் ஒட்டியது. கீழே 'வேற்றுமையே நம் வலிமை' என்று எழுதியிருந்தது. அந்தச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் வலிமை எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

அவர் மீது எனக்குத் தனிப்பட்ட முறையில் எந்த வெறுப்பும் கிடையாது. காலையில் வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். நான் எதிர்த்தது முறையை. ஆளைப் பார்க்காதே, திறமையைப் பார் என்பதுதான் என் கட்சி. அந்தப் பிரிவின் தலைவரான பெரிய டாக்டரும் அதே கட்சி. ஒரு கூட்டத்தில் அவர் "திறமைக்கு முகம் கிடையாது" என்று பேசியபோது முதலில் கைதட்டியவன் நான்தான்.

எனக்கு எப்படி வேலை கிடைத்தது என்று கேட்பீர்கள். அப்போது இங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் என் சித்தப்பா. அதை ஒதுக்கீடு என்று சொல்ல முடியாது. என் திறமை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் மனைவி மட்டும், "உங்க சித்தப்பாவுக்குச் சொந்தக்காரங்க எல்லாருமே திறமைசாலிங்களா இருந்திருக்காங்க பாருங்க" என்பாள். அவளுக்குக் கொள்கை விளங்காது.

இப்போது சரிபார்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர்களும் மனிதர்கள்தான். புள்ளி இடம் மாறிவிடும், பெரியவர்களுக்கான அளவைக் குழந்தைக்கு எழுதிவிடுவார்கள். நான் போனை எடுத்து, "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்பேன். "அட, ஆமாப்பா. மாத்திக் கொடுத்துடு" என்பார்கள். அத்தோடு முடிந்தது. பெரிய டாக்டருக்கு வாரத்தில் இரண்டு தரமாவது இப்படி போன் போகும். அவர் நோயாளிகளில் ஒருவருக்குக்கூட இதுவரை மருந்தால் ஒன்றும் ஆனதில்லை. அவ்வளவு கைராசிக்காரர்.

டாக்டரம்மாவுக்கு மட்டும் போன் செய்வதில்லை என்று அவர் வந்த நாளே முடிவு செய்துவிட்டேன். திறமையால் வந்தவருக்குக் கைகொடுப்பது தோழமை. ஒதுக்கீட்டில் வந்தவருக்கும் கைகொடுத்தால் அது இன்னொரு ஒதுக்கீடு அல்லவா? அவர் சொந்தக் காலில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு மாதம் காத்திருந்தேன். சங்கடம் என்னவென்றால், அவர் தவறே செய்யவில்லை. அளவை எண்ணிலும் எழுதுவார், எழுத்திலும் எழுதுவார். அவர் சீட்டுகளை மட்டும் இரண்டு முறை படிக்க ஆரம்பித்தேன். வேறு எந்த டாக்டரின் சீட்டையும் நான் அத்தனை அக்கறையோடு படித்ததில்லை.

அந்த வியாழக்கிழமை இரண்டு டாக்டர்கள் லீவு. டாக்டரம்மா மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஒரு அம்மா, மணிக்கட்டு இரண்டும் வீங்கிப்போய், அவர் சீட்டோடு வந்தார். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுபோகும். எங்கள் படிப்பில் இதைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். சீட்டில் 'தினமும் ஒன்று' என்று இருந்தது.

"தினமுமா சாப்பிடணும்? டாக்டரம்மா வாரம்னு ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சே" என்றார் அந்த அம்மா.

"சீட்டுல எழுதியிருக்கிறதுதாம்மா கணக்கு" என்றேன்.

"சரிங்க. படிச்சவங்க எழுதினது" என்று வாங்கிக்கொண்டார். மாத்திரை உறையின் மேல் 'தினமும் ஒன்று' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். "வாயெல்லாம் புண்ணுங்க. தண்ணிகூட இறங்கல. மாத்திரையை நிறுத்திடட்டுமா?"

டாக்டரம்மாவின் அறை என் கவுண்ட்டரிலிருந்து நாற்பது அடி தூரம். அங்கே அனுப்பியிருக்கலாம். அவர் பார்த்ததும் கண்டுபிடித்திருப்பார், மருந்தை மாற்றியிருப்பார், விஷயம் அமுங்கிப்போயிருக்கும். யாருக்கு என்ன புரிந்திருக்கும்? வாய்ப்புண்ணுக்கு ஒரு களிம்பு கொடுத்தேன். "மருந்து வேலை செய்யறப்ப இப்படித்தாம்மா இருக்கும். நிறுத்திடாதீங்க" என்றேன். களிம்பு நல்ல களிம்பு. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் அவரைத் தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள். திங்கட்கிழமை இறந்துபோனார். அவர் மகள் வந்து மீதி மாத்திரைகளை என் கவுண்ட்டரில் வைத்தாள். "பிரிக்காததும் இருக்குங்க. வேற யாருக்காவது ஆகும்" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அதற்கப்புறம் எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே டாக்டரம்மா, தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கேன்டீன் சுவரில் இருந்த படம் அன்றைக்கே இறங்கியது. "இவங்க ஆளுங்களே இப்படித்தான்" என்று லிஃப்ட்டில்கூடப் பேசிக்கொண்டார்கள். அவர் ஆட்கள் யாரையும் இனி எடுப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் கடிதம் எழுதினார். ஒரே ஒரு சீட்டு, ஒதுக்கீட்டுக்காகப் பேசிய அத்தனை பேருக்கும் பதில் சொல்லிவிட்டது.

நேற்று டாக்டரம்மா என் கவுண்ட்டருக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணா, நீங்க பார்க்காம விட்டிருக்க மாட்டீங்க. ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

நான் அடுத்த சீட்டை எடுத்துப் பிரித்தேன்.

"என்னை எல்லார் முன்னாடியும் திட்டியிருக்கலாம். அந்தம்மா இருந்திருப்பாங்க" என்றார். திரும்பிப் போய்விட்டார். அழவில்லை. இவர்களுக்கு அந்தப் பக்குவமும் போதாது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். அதே வியாழக்கிழமை, ஒரு மணி நேரம் முன்னால், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு பெரிய டாக்டரும் அதே மாத்திரையை 'தினமும் ஒன்று' என்றுதான் எழுதியிருந்தார். போன் செய்தேன். "நல்லவேளைப்பா" என்று சிரித்தார். தபால்காரர் சுகமாக இருக்கிறார். அது கவனக்குறைவு, யாருக்கும் வருவது. டாக்டரம்மா செய்தது தகுதிக்குறைவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன். திரும்பி வந்தபோதும் தெரிந்துதான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை மட்டும் பெரிய டாக்டர் எழுதியிருந்தால், தையல்கார அம்மாவை நானே காப்பாற்றியிருப்பேன். இதில் நான் ஆள் பார்த்துச் செய்தது எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.