நான்காவது நிமிடத்தில் திறந்த கதவு

அவை நடுவே வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! பிணி தீர்க்கும் பணியிலேயே முடி நரைத்த பெரியோர்களே! பெற்றெடுத்த தாய்மார்களே! பாலக்கோட்டிலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் செவிலிய மகள்களே! உங்கள் ஆசிரியை சமரீனின் வணக்கம்.

செவிலியர் பயிற்சிக்குச் சிறந்த ஒத்திகைக் காட்சி எழுதியவள் என்று இதைப் போர்த்தினீர்கள். பொன்னாடையா இது? என் தோளைப் பொசுக்கும் நெருப்பாடை!

அந்தக் காட்சி என்ன? கட்டிலில், பிள்ளை பெற்ற ஒரு பொம்மை. குருதி பெருகும், நாடி குறையும். செவிலி ஊசி போடுவாள், அடிவயிற்றை அழுத்திப் பிடிப்பாள். நான்காவது நிமிடத்தில் கதவு திறக்கும். மருத்துவர் வருவார். “நூத்தியெட்டைக் கூப்பிடு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு” என்பார். பொம்மை பிழைக்கும். அரங்கம் கைதட்டும்.

ஏன் நான்காவது நிமிடம்? அறிவியலா? ஆராய்ச்சியா? இல்லை ஐயா! “விருந்தினருக்கு நேரமில்லைங்க மேடம், சட்டுனு முடிங்க” என்றார்கள் விழா ஏற்பாட்டாளர்கள். முடித்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மிச்சத்தையும் கேளுங்கள்.

அந்தப் பயிற்சியில் முதலிடம் பெற்றவள் பூவிழி. சென்ற ஆடியில், மலையடிவாரத்துச் சிறு ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் தனியாக இருந்தபோது, மாதம்மாளுக்குப் பெண் பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டாள், அழுத்திப் பிடித்தாள், மருத்துவரைப் போனில் அழைத்தாள். “கிளம்பிட்டேன்” என்றார். அவள் கதவைப் பார்த்தாள்.

மாதம்மாளின் தாய் சென்னம்மாள் கெஞ்சினார்: “ஏனுங்க சிஸ்டர், துணி மாத்த மாத்த நனையுதுங்க. வண்டியக் கூப்புடுங்க, தர்மபுரிக்கே போயிடறோம்.”

“டாக்டர் சொல்லட்டும் ஆயா, இப்ப வந்துடுவாருங்க.”

நான்கு நிமிடம். பதினான்கு நிமிடம். நாற்பது நிமிடம்! மருத்துவரின் கார் வழியிலேயே நின்றுவிட்டது. கடைசியில், அவர் போனில் சொன்ன பிறகு, ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றுவதற்கு உயிர் இல்லை.

பூவிழிக்கு அந்த நூத்தியெட்டு தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வசனத்தை நான் அவளுக்கு எழுதவில்லையே! மருத்துவர் வாயில் அல்லவா வைத்தேன்!

கைதட்டாதீர்கள், தயவுசெய்து. நாளை முதல் ஒன்றியந்தோறும் இதே காட்சி என்று அறிவித்தீர்கள், தலைவர் அவர்களே. கதவே திறக்காத காட்சி ஒன்றைப் புதிதாய் எழுதி வந்தேன். “பொம்மை சாகுதேம்மா, மங்கலமா இல்லையே” என்று திருப்பித் தந்தீர்கள். பொம்மை சாக அஞ்சுகிறோம். தாய் செத்தால் ஃபைலை மூடுகிறோம். இனியாவது மாற்றுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

கடைசி வரிசையில் தலைகுனிந்திருக்கும் பூவிழி! வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாயாம். நிமிர்ந்து பாரம்மா. அந்தக் கதவை எழுதியவள் நான்.

பொன்னாடையை இந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. மகள்களே, கதவைப் பார்க்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள். வண்டியைக் கூப்பிடுங்கள்.

வணக்கம்.