பேக்பைப் ஊத மூச்சில்லை

“பேக்பைப் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் மூச்சு இல்ல” என்றார் நரைத்தவர். தன்லியின் என்ற ஊருக்குப் போகும் ஆற்றுப் பாலத்தில் ஏறிய பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

இளையவர் கெஞ்சினார். “நாளைக்கு அடக்கம்ணே. நீங்க ஊதணும்னுதான் எம் பொஞ்சாதி கடைசியாக் கேட்டா.”

“ஷ்வேப்யிதா பஞ்சு மில்லு என் நெஞ்சத் தின்னுருச்சுப்பா. ரெண்டு வரி ஊதினா ரத்தம் வருது. ஸ்காட்லாந்துலேருந்து தங்கச்சி மக கேசட் அனுப்பியிருக்கா. அங்க இப்ப சின்னப் பசங்க பேக்பைப்ப டிரம், கித்தாரோட சேத்து வாசிக்கிறாங்களாம். அதக் கொண்டு வரவா?”

“துக்கப் பாட்டா?”

“இல்லப்பா, எல்லாம் ஆட்டப் பாட்டு.”

பாலம் முடிந்ததும் இளையவர் அவர் பக்கம் திரும்பினார்.

“சத்தமாப் போடுங்கண்ணே. புள்ளைங்க அழுவுறது என் காதுல விழக்கூடாது.”